காவிரிப் படுகையின் ஷேல் பாறைகள்: புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் டெல்டாவில் ஷேல் எரிவாயுவுக்காக (சேறு இறுகி உருவான ஷேல் பாறையின் நுண்துளைகளில் சிக்கியிருக்கும் வாயு) புதிதாகத் துளையிடுவதைத் தடை செய்ததை நான் மனமார வரவேற்றேன். ஆனால் அச்சட்டத்தின் எல்லை மாவட்டங்களையும் ஒன்றியங்களையும் கொண்டு வகுக்கப்பட்டது. எரிவாயு உறையும் பாறையோ அந்த எல்லையோடு நின்றுவிடவில்லை.

கோண்டுவானா என்ற பழம்பெரும் கண்டம் பிளந்து இந்தியாவும் அண்டார்க்டிகாவும் விலகத் தொடங்கிய காலத்தில், இங்கு நிலம் முறிந்து அரியலூர்–புதுச்சேரி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் முதலிய ஆழ்பள்ளங்கள் உருவாயின. அவற்றில் படிந்த சேறும் உயிர்ப்பொருளும் மேலுள்ள படிவுகளின் சுமையாலும் புவியின் வெப்பத்தாலும் ஆண்டிமடம், சாத்தப்பாடி ஷேல் அடுக்குகளாக இறுகின. அந்த உயிர்ப்பொருளிலிருந்து உருவாகி நுண்துளைகளில் சிக்கிய வாயு தானாக ஓடி வராது. பாறையை நீரழுத்தத்தால் உடைத்தாக வேண்டும், அதற்குக் கிணறு ஒன்றுக்கே பெரும்பாலும் ஒரு கோடி லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் இப்படுகையில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி கன அடி வாயு இருப்பதாகவும், அதில் எடுக்கத்தக்கது ஏறத்தாழ 5 லட்சம் கோடி கன அடியே என்றும் மதிப்பிட்டது. ஆறில் ஒரு பங்குக்காக முழுப் பாறையையும் உடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாறைக்குப் பெயர் தந்த ஆண்டிமடம் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டம் பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் சேர்க்கப்படவில்லை. வயல் நீரைக் காக்கும் சட்டம், வாயுவுள்ள பள்ளங்களுள் ஒன்றின் மேற்பரப்பைத் திறந்தே விட்டிருக்கிறது.

ஏறத்தாழ சாத்தப்பாடி ஷேலின் காலத்தைச் சேர்ந்த களிப்பாறையை பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தில் கண்ணாலேயே காணலாம். ஜிப்சம் நரம்புகள் ஓடும், மழை அரித்த மொட்டை மேடுகள் அவை. அம்மோனைட், பெலம்னைட் எனும் அழிந்துபோன கடலுயிர்களின் புதைபடிவங்களும் கிடைக்கின்றன. ஈரம் பட்டால் வீங்கும் களிமண் அவற்றில் மிகுதி. இத்தகைய களிமண் கூடிய ஷேல் உடைவதைவிட நெகிழ்ந்துகொடுக்கும் என்பது துளையிடுவோர் நன்கறிந்த சிக்கல். பத்துக் கோடி ஆண்டுப் பழமையான இந்நிலத்தை மண் அள்ளுவோரிடமிருந்து காப்பதும் தங்கள் துறையின் கடமை என்றே கருதுகிறேன்.

ஆகவே, ஆழ்பள்ளங்கள், முறிவுக்கோடுகள், நன்னீர் அடுக்குகள் ஆகியவற்றைச் சட்ட எல்லையோடு பொருத்திக் காட்டும் தமிழ் நிலவரைபடம் ஒன்றைத் தங்கள் துறை வெளியிட வேண்டும். அரியலூரின் கிராம சபைகளில் அது வைக்கப்படும்வரை, அங்கு எந்தத் துளையிடலுக்கும் பரிந்துரை செய்யலாகாது எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படுகைவாழ் குடிமகன்