கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அடம்பிடிக்கும் குழந்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கத்தினால் என்ன செய்வது, அடித்தால் என்ன செய்வது என்று நிறையச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்ற கேள்விதான் எங்குமே வரவில்லை.

மழலையர் வகுப்பில் பல வருடம் பாடம் நடத்தியவள் நான். ஒரு வருடம் மூன்று வயதுப் பையன் ஒருவன் மற்ற பிள்ளைகளைக் கடித்துக்கொண்டே இருந்தான். 'கடிக்கிற பையன்' என்று பெயரே வைத்துவிட்டோம், நானும்தான். மிரட்டினோம், கடிக்காத நாளில் ஸ்டிக்கர் கொடுத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. அப்புறம் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: முன்னால் நடந்தது, அவன் செய்தது, பிறகு அவனுக்குக் கிடைத்தது. இரண்டு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. வரிசையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் பிள்ளை இடித்தால்தான் கடிக்கிறான். கடித்ததும் அவனைத் தனியாக மூலையில் உட்காரவைப்போம். நெரிசல் பிடிக்காத பிள்ளைக்கு அது தண்டனையா என்ன? கேட்டது கிடைத்த மாதிரி! அவனை வரிசையின் கடைசியில் நிறுத்தினோம், 'தள்ளி நில்லு' என்று சொல்லப் பழக்கினோம். பழக்கம் விட ஒரு மாதம் பிடித்தது.

இரண்டு, மூன்று வயதில் அடிப்பதும் கடிப்பதும் உச்சத்தில் இருந்து, வளர வளரக் குறையும் என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்துக் காட்டியிருக்கிறார். கோபம் முதலிலேயே வந்துவிடுகிறது, அதைச் சொல்லும் வார்த்தைதான் பின்னால் வருகிறது.

'அழுகையைக் கண்டுகொள்ளாதீர்கள்' என்ற யோசனை பாதிதான் சரி. கவனத்துக்காக அழும் பிள்ளை, கண்டுகொள்ளாவிட்டால் முதலில் இன்னும் பலமாகத்தான் அழும். அப்போது பொறுக்காமல் கேட்டதைக் கொடுத்தால், பலமாக அழவே கற்றுக்கொடுத்ததாகிவிடும். வலியாலோ தூக்கமில்லாமலோ அழும் பிள்ளைக்கு இந்த யோசனையே பொருந்தாது. 3, 4 வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எத்தனை வீட்டில் அது கிடைக்கிறது? 'கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, அவ்வளவு திமிர்' என்று ஒரு சிறுமியைப் பற்றிப் புகார் வந்தது. மருத்துவரிடம் காட்டியபோது நடுக்காதில் நீர் கோத்து, காது சரியாகக் கேட்காமல் இருந்தது தெரிந்தது.

அந்த மூன்று கட்டத் தாளை அடுத்த இதழில் ஒரு பக்கத்துக்கு அச்சிட்டுக் கொடுங்களேன். வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் வகுப்பு ஆசிரியை