மூலிகைத் தீவனச் சேர்க்கையில் செயல்படு பொருளின் அளவைக் குறிப்பிடாமை குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனம் மீன்களின் வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புக்கும் என்று விற்கும் மூலிகைப் பொடியை என் திலேப்பியா குளங்களுக்குத் தீவனத்தில் கலந்து தருகிறேன். முதலில் வாங்கிய மூட்டைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த பேட்சில் வந்த பொடியிலோ பூண்டு வாடையே மங்கியிருந்தது. மீன்கள் தீவனத்தை மிச்சம் வைக்க, அது அடியில் படிந்து நீரைக் கெடுத்தது. இரண்டு பேட்சுகளின் உறையிலும் ஒரே வாசகம், ஒரே அளவு.

உறையில் பூண்டு, மஞ்சள், ஓமம் என்று தாவரப் பெயர்கள் மட்டுமே உள்ளன. பயன் தருபவை ஓமத்திலுள்ள தைமால், மஞ்சளிலுள்ள குர்குமின் போன்ற செயல்படு பொருள்கள். அவற்றின் அளவு பயிர் வகை, அறுவடைக் காலம், உலர்த்தும் முறை, சாறெடுக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசின் என்ற செயல்படு பொருள் விரைவில் சிதைந்துவிடும் என்பதால், பொடியில் எது எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை ஆய்வு செய்து சொல்லாமல் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று அச்சிடுவதில் பொருளில்லை.

தீவனத்தைக் குருணையாக்கும் முன்பே பொடியைக் கலக்கச் சொல்கிறீர்கள். மிதவைத் தீவனம் தயாரிக்கும் இயந்திரத்தில் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். தைமால் போன்ற ஆவியாகும் பொருள்கள் அதில் கணிசமாக வீணாகும். பொடிக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டா, இல்லையெனில் ஆறிய குருணையின் மேல் எண்ணெயுடன் பூச வேண்டுமா என்பதை உறை சொல்லவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது, இயற்கைப் பொருள்தானே, அளவை இரட்டிப்பாக்குங்கள் என்றார் தங்கள் அலுவலர். இதுவே என்னை மிகவும் வருத்தியது. கார நெடி கூடினால் மீன் தீவனத்தை ஒதுக்கும். சில தாவரங்களிலுள்ள சபோனின் என்ற நுரைக்கும் பொருள் அளவு மீறினால் குடலின் உட்சுவரையே பாதிக்கும். மருந்தே தேவையில்லை என்ற உறை வாசகமும் தவறானது. இத்தகைய சேர்க்கை எதிர்ப்புத் திறனுக்குத் துணை செய்யலாமே தவிர, குளத்தில் ஏற்கெனவே பரவிவிட்ட பாக்டீரியா நோயைத் தீர்க்கும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் மீன்கள் இறக்கும்.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் தடை செய்தது. நானும் அதைத் தவிர்க்கவே இந்த வழிக்கு வந்தேன், தொடரவும் விரும்புகிறேன்.

ஆகவே, குறைபாடுள்ள பேட்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தொகையை அளிக்குமாறும், அதன் ஆய்வறிக்கையையும் வெப்பம் தாங்கும் தன்மை பற்றிய எழுத்துபூர்வ விளக்கத்தையும் அனுப்புமாறும், இனி அச்சிடும் உறைகளில் செயல்படு பொருளின் அளவையும் உச்ச வரம்பையும் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பேட்ச் எண் தெரியும் உறையின் படத்தையும் ரசீது நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளரான மீன் வளர்ப்பாளர்