தொழில்நுட்பத் திட்டங்களின் கணக்கில் சேதாரத்துக்கும் ஒரு கலம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் முப்பத்தோர் ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்று, இப்போது வேலூரில் வசித்து வருகிறேன். அரசின் தொழில்நுட்பத் திட்டங்களுக்குச் செலவாகும் பொதுப்பணத்தைப் பற்றி நாடாளுமன்றமும் சட்டப்பேரவையும் கேட்கத் தவறும் ஒரு கேள்வியைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

என் அக்கா குடியாத்தம் பக்கம் தனியாக வசிக்கிறார். நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய கை அவருடையது. இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நகத்தால் முனையை மடித்து மடித்து, விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்துவிட்டன. சென்ற மாதம் அவரை ரேஷன் கடைக்கு நான் அழைத்துச் சென்றேன். கடையில் இருந்த பெண் ஊழியர் பொறுமையானவர். கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அக்காவின் விரலை முந்தானையில் துடைக்கச் சொன்னார். ஆள்காட்டி விரல், கட்டைவிரல், பிறகு இடக்கை விரல்கள் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "ரேகை விழலம்மா, நாளைக்குக் காலையில வாங்க" என்றார். மறுநாள் சர்வர் இல்லை. மூன்றாம் நாள்தான், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கொண்டு அரிசியும் பருப்பும் பாமாயிலும் கிடைத்தன. வீடு திரும்பும் வழியிலேயே, பொருள்கள் வழங்கப்பட்டுவிட்டன என்ற குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது.

அந்தச் செய்தியில் பிழை எதுவும் இல்லை. வழங்கப்பட்ட அளவு சரி, தேதி சரி, தொகை சரி. மூன்று நடை, இரண்டு நாள் காத்திருப்பு, பேருந்துச் செலவு ஆகியவை மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நான் கடைகளைத் தணிக்கை செய்த காலத்தில் இருப்புப் பதிவேட்டில் வரவு, விற்பனை, இருப்பு ஆகியவற்றோடு சேதாரத்துக்கும் ஒரு கலம் இருக்கும். சாக்கு கிழிந்து சிந்திய அரிசியையும் விற்பனையாளர் அதில் எழுதியாக வேண்டும். அந்தக் கலம் காலியாகவே இருந்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். இன்று பல்லாயிரம் கோடி ரூபாயில் நடக்கும் தொழில்நுட்பத் திட்டங்கள் நாடாளுமன்றத்தின், சட்டப்பேரவையின் முன் வைக்கும் கணக்கில், எத்தனை பேருக்குக் கருவி கைகொடுக்கவில்லை என்பதற்கு அப்படியொரு கலம் இல்லை என்பதே என் குறை.

தகவல் இல்லாமல் போனதால் வந்த குறையும் அல்ல இது. ஆதார் சரிபார்ப்பு தோற்கும் ஒவ்வொரு முறையும் கணினி ஒரு பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. விரல் ரேகை பொருந்தவில்லை என்றால் அந்த எண் 300. ஆக, அக்காவின் விரல்கள் எத்தனை முறை தோற்றன என்பது எங்கோ ஒரு கணினியில் பதிவாகித்தான் இருக்கும். ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 2018 மார்ச்சில், அரசுச் சேவைகளில் சரிபார்ப்பின் வெற்றி விகிதம் 88 விழுக்காடு என்று ஆதார் ஆணையமே தெரிவித்தது. நூறு முயற்சிகளில் பன்னிரண்டு தோல்வி. ஆண்டுதோறும் துறைகள் நிதி கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கையோடு அவையின் மேசைக்கு வர வேண்டிய எண், ஒரு வழக்கின் விசாரணையில் வெளிப்பட்டது.

கேள்வி கேட்கும் அமைப்புகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 151-ஆம் பிரிவின்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் அவைகளில் வைக்கப்படுகின்றன. அவற்றை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் மக்களவை உறுப்பினர்கள் 15 பேரும் மாநிலங்களவை உறுப்பினர்கள் 7 பேரும் இருக்கிறார்கள். 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே அதற்குத் தலைவராக இருப்பது மரபு. அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை ஆராய 1993-இல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. இன்று அவை 24. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தணிக்கையின் இயல்பே செலவு முடிந்த பின் வருவது. பாலம் கட்டும் பணியில் அது ஓரளவு பொருந்தும். நாள்தோறும் கோடிக்கணக்கான மக்கள் விரல் வைக்கும் ஒரு கருவிக்கு அது பொருந்தாது.

ஆதாரின் வரலாற்றையே பாருங்கள். 2009 ஜனவரியில் சட்டம் எதுவும் இன்றி, ஓர் அரசு அறிவிக்கையின் பேரில் ஆணையம் உருவானது. அதற்குச் சட்ட வடிவம் கொடுக்க வந்த மசோதாவை யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நிதித் துறை நிலைக்குழு ஆராய்ந்து, அந்த வடிவில் ஏற்க இயலாது என்றும் திட்டத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் 2011 டிசம்பரில் அறிக்கை அளித்தது. குழு தன் கடமையைச் செய்தது. பதிவும் செலவும் நிற்கவில்லை. ஆட்சி மாறிய பின் 2016-இல், மாநிலங்களவையால் தடுக்க முடியாத பண மசோதாவாகச் சட்டம் நிறைவேறியபோது, மாநிலங்களவை பரிந்துரைத்த திருத்தங்களை மக்களவை ஏற்கவில்லை. ஆணையத்தின் செயல்பாடு குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2022 ஏப்ரலில். 2019 நவம்பர் வரை ஏறத்தாழ 4.75 லட்சம் ஆதார் எண்கள் இரட்டைப் பதிவு என்று ரத்து செய்யப்பட்டிருந்தன என்பதை அந்த அறிக்கை சொன்னபோது, திட்டம் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. 2024-இல் அமைந்த பொதுக் கணக்குக் குழு ஆதார் ஆணையத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வரவேற்கத்தக்கது என்றாலும், காலம் கடந்து வந்த வரவு அது. இதில் ஒரு கட்சியைக் குறை சொல்லி மற்றொன்றை விடுவிக்க எனக்கு மனமில்லை.

மருத்துவத்துக்காக நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவியும் ஊர் வேலூர் என்பதால், இன்னொரு அறிக்கையையும் இங்குள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டில் வந்தது. ஒன்பது என்ற இலக்கத்தைப் பத்து முறை எழுதினால் வரும் ஒரே கைபேசி எண்ணின் கீழ் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தனர் என்று அது கூறியது. கைபேசி எண்ணைக் கொண்டு பயனாளியைச் சரிபார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் தந்தது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஏழரை லட்சம் பேரில் ஒருவருக்கேனும் அவருடைய காப்பீட்டில் என்ன நடக்கிறது என்று தகவல் போயிருக்காது என்பது மாறாது. வெளியூர் நோயாளி ஒருவர், கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காப்பீட்டு அனுமதிக்காக வராந்தாவில் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தகவலின் அருமை தெரியும். இதைக் கண்டறியத் தணிக்கைக் குழு வர வேண்டியதில்லை. தரவுத்தளத்தில் ஒரு தேடல் போதும். கேட்க ஆள் இருந்திருந்தால் முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்கும்.

கேட்கும் நேரமும் குறைந்து வருகிறது. 2023 மார்ச் 23 அன்று, ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான ஒன்றிய வரவுசெலவுத் திட்டம், அமளிக்கு இடையே, எந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் விவாதிக்கப்படாமல், எல்லாவற்றையும் ஒன்றாக வாக்கெடுப்புக்கு விடும் கில்லட்டின் முறையில் சில நிமிடங்களில் மக்களவையில் நிறைவேறியது. எங்கள் தொகுதிக்கு இதில் ஒரு தனி வருத்தமும் உண்டு: பணப் பட்டுவாடா புகாரால் 2019 ஏப்ரலில் வேலூர் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது, அந்த ஆண்டு ஜூலையில் வரவுசெலவுத் திட்டம் விவாதிக்கப்பட்டபோது வேலூருக்கென்று எழுந்து நிற்க அவையில் ஆளே இல்லை.

கிராமங்களுக்குக் கண்ணாடி இழை வடம் இழுக்கும் பாரத்நெட் திட்டம் 2011 அக்டோபரில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கென ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்றது. 2023 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை 1,39,579 கோடி. இடையில் பணியின் அளவு விரிந்ததும், பத்தாண்டுப் பராமரிப்பு சேர்ந்ததும் உண்மை. எண்ணை மட்டும் வைத்து ஊழல் என்று சொல்வது தணிக்கையாளனுக்கு அழகல்ல. ஆனால் இந்தப் பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து பிடிக்கப்படும் நிதியிலிருந்து வருகிறது. அதாவது நாம் ஒவ்வொருவரும் ரீசார்ஜ் செய்யும் தொகையில் அதற்கொரு பங்கு இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் வடத்தின் முனையில் பொருத்திய பெட்டியைப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, பெட்டிக்கு மேல் நாட்காட்டி தொங்கியது. ஊராட்சி செயலர் தம் சொந்தக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வீட்டுவரி ரசீது எடுத்துக்கொண்டிருந்தார். வடம் வந்து சேர்ந்த ஊராட்சி என்று அதையும் எண்ணியிருப்பார்கள். அங்கே சென்ற மாதம் எத்தனை மணி நேரம் இணைப்பு வேலை செய்தது என்பதுதான் அவையில் எழ வேண்டிய கேள்வி.

பொதுக் கணக்குக் குழுவை 1861-லேயே அமைத்துக்கொண்ட பிரிட்டனும் இதில் தவறியது. அங்கே அஞ்சலகக் கிளைகளில் வைத்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பணக் குறைவை இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் திருட்டு, மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் சென்றார்கள். அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2024 மே மாதத்தில். ரொக்கக் குறைவு என்று நானும் பல விற்பனையாளர்கள் மீது அறிக்கை எழுதியிருக்கிறேன். கணக்கைக் கையால் மறுபடி கூட்டிப் பார்க்காமல் ஒருபோதும் எழுதியதில்லை என்றாலும், அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே வீட்டுக்கு மூன்று குடும்ப அட்டைகளையும், இறந்தவர் பெயரில் வாங்கிய மண்ணெண்ணெயையும் கண்டவன் நான். கருவி வந்த பின் அவை குறைந்தன. அதற்கான விலையை என் அக்காவைப் போன்றவர்கள் கொடுக்கிறார்கள் என்றால், அந்த விலை எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். ரேகை விழாவிட்டாலும் பொருளை மறுக்கக் கூடாது என்ற அறிவுறுத்தல் இருக்கிறதே என்பார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமே என்பார்கள். மனு ஒருவருக்கு வழி காட்டும். எத்தனை பேருக்கு வழி அடைபட்டிருக்கிறது என்று மனுக்களை வைத்து எண்ண முடியாது. மூன்றாம் நாள் அரிசி வாங்கியவர் மனு எழுதமாட்டார்.

ஆகவே, நாடாளுமன்ற நிலைக்குழுக்களும், நமது சட்டப்பேரவையின் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு ஆகியவையும் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். தொழில்நுட்பத் திட்டம் எதற்கும் அடுத்த ஆண்டு நிதி கோரும் துறை, எத்தனை முயற்சிகள் நடந்தன, எத்தனை தோற்றன, தோற்றவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை நாளில் மாற்று வழியில் சேவை கிடைத்தது என்ற விவரத்தை மாவட்ட வாரியாக ஒரே பக்கத்தில் கொடுத்தாக வேண்டும். பேரவையில் துறைவாரியாக வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் அட்டைகளின் எண்ணிக்கையும் கடைகளின் எண்ணிக்கையும் அச்சாவதைப் போல் இதுவும் அச்சாக வேண்டும். யாருடைய பெயரும் தேவையில்லை, எண்ணிக்கை போதும் என்பதால் தனியுரிமையைக் காரணம் காட்டவும் இடமில்லை. ஒப்பந்த நிறுவனத்துக்கான அடுத்த தவணை அந்தப் பக்கத்தைக் குழு பார்த்த பிறகே விடுவிக்கப்பட வேண்டும்.

விதிகள் மாறும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மக்களவையில் கேள்வி கேட்கப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு போதும். வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய எங்கள் மக்களவைத் தொகுதியின் ரேஷன் கடைகளில் கடந்த ஓராண்டில் பதிவான பிழை எண் 300 எத்தனை என்று எங்கள் உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் எழுத்து மூலம் கேட்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன். இதே கோரிக்கையை அவருடைய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் இன்று அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் ஒருவர்,
வேலூர்.