குதிரை லாயத்துக்குள் வருமுன் ஒரு தாள் எழுதுங்கள்

அன்புடையீர்,

கொழும்பிலும் அதைச் சுற்றியும் குதிரை லாயம் நடத்துகிறவர்களுக்கும், மாதக் கட்டணம் கொடுத்து அங்கே குதிரையை விட்டிருக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டு தரப்பும் மற்றவரைக் குறை சொல்வதை நிறையக் கேட்டாகிவிட்டது. நான் கட்டணம் கொடுக்கிற பக்கத்து ஆள். என்றாலும் லாயக்காரர் பக்கத்து நியாயத்தையும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். குதிரையைச் சேர்க்குமுன், அதற்கு என்ன கிடைக்கும், யார் அதில் ஏறலாம், நோய் வந்தால் யார் முடிவெடுப்பது, காசு நின்றுபோனால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். இப்போது பெரும்பாலும் எல்லாம் வாய்ப்பேச்சு. மிஞ்சினால் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. "நாங்கள் நல்லாகப் பார்த்துக்கொள்வோம்" என்பார் ஒருவர், "சரி" என்பார் மற்றவர். மூன்றாம் மாதம் சண்டை.

சண்டை அநேகமாகப் புல்லில்தான் தொடங்குகிறது. 450 கிலோ எடையுள்ள குதிரைக்குக் காய்ந்த கணக்கில் நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு கிலோ புல் வேண்டும். நாம் இங்கே போடுவதோ வெட்டிய பச்சைப் புல். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அப்படியென்றால் 35 கிலோ பச்சைப் புல் உள்ளே போக வேண்டும். "காலையில் ஒரு கட்டு, பின்னேரம் ஒரு கட்டு" என்று பேசிக்கொண்டால், அந்தக் கட்டு எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும்? புல் வெட்டி வருகிறவர் மழையில் நனைந்த கட்டைக் கொண்டுவந்தால் பாரம் கூடும், தீனி கூடாது. குதிரையின் இரைப்பை சிறியது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குதிரைக்கு வயிற்றுப்புண் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆகவே எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று எழுதுங்கள். என்ன புல் என்பதையும் எழுதுங்கள். கோ-3 போன்ற நேப்பியர் வகைப் புல் மாட்டுக்கு அருமையானது. ஆனால் அதிலுள்ள ஒக்சலேட் என்ற பொருள் குதிரையின் உடம்பில் கல்சியம் சேரவிடாது. கல்சியம் வேறு வழியில் கொடுக்காமல் மாதக்கணக்கில் அதையே போட்டால் முகத்து எலும்பு வீங்கும், கால் நொண்டும். அந்தக் கல்சியத்துக்குக் காசு யார் தருவது? இதைப் பற்றி ஒரு லாயத்திலும் முன்கூட்டியே பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம், யார் ஏறுவது என்ற விஷயம். எங்கள் பெட்டைக் குதிரை நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்து வந்தது. கொழும்புக்கு வெளியே ஒரு லாயத்தில் விட்டோம். கட்டணம் கொஞ்சம் குறைவு, பதிலுக்கு "இடைக்கிடை" பிள்ளைகளுக்குப் பழக்க அதை எடுப்போம் என்றார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தால், சேணம் முட்டுகிற இடத்தில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போயிருக்கிறது, பெரிய ஆட்களும் ஏறியிருக்கிறார்கள். கேட்டபோது, "குறைந்த கட்டணம் அதற்குத்தானே" என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு எத்தனை நாள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஆகவே அவர்களும் தங்கள் பக்கம் நியாயம் என்றே நம்பினார்கள். பிரித்தானியாவில் இந்த ஏற்பாட்டை வேர்க்கிங் லிவரி என்பார்கள். லாயம் எல்லாவற்றையும் பார்ப்பது ஃபுல் லிவரி, உரிமையாளரும் வேலையில் பங்கெடுப்பது பார்ட் லிவரி, இடத்தை மட்டும் வாடகைக்கு எடுப்பது டிஐவை. எந்த வகை என்பது முதலிலேயே தெரிந்துவிடும். அங்குள்ள குதிரைச் சங்கமான பிரிட்டிஷ் ஹோர்ஸ் சொசைட்டி இதற்கென ஒரு மாதிரி ஒப்பந்தத்தையே வைத்திருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஏறுகிறவரின் எடை எவ்வளவு வரை என்ற மூன்று வரி போதும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

வயிற்றுக்குத்து வந்தால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சில மணி நேரத்தில் உயிர் போகலாம். உரிமையாளர் தொலைபேசியை எடுக்காவிட்டால் மிருக வைத்தியரை யார் அழைப்பது, எவ்வளவு செலவு வரை லாயமே முடிவெடுக்கலாம்? நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டு இந்த வரியை எழுதுங்கள்.

இனி உரிமையாளர்களுக்கு. லாயக்காரர் படும் பாட்டை நாங்கள் பேசுவதே இல்லை. 2021 உரத் தடையால் சோள அறுவடை விழுந்தது, 2022 இல் டொலர் இல்லை, டீசல் இல்லை. தீனி விலை ஏறிய வேகத்தில் கட்டணத்தை ஏற்றினால் "ஏமாற்றுகிறார்கள்" என்றோம். சிலர் குதிரையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கே போய்விட்டார்கள். காசு வராவிட்டால் ஒரு கடைக்காரர் சாமானை நிறுத்தலாம். லாயக்காரர் புல்லை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அந்தச் செலவு அவர் தலையில்தான். விலங்குகளைக் காக்க நமக்கிருக்கும் மிருகவதைக் கட்டளைச் சட்டமோ 1907 இல் நூறு ரூபா தண்டத்தோடு எழுதப்பட்டது. அதை நம்பி யாரும் எதையும் தொடங்க முடியாது.

ஆகவே நிலுவை எத்தனை வாரம் போனால் அறிவித்தல் கொடுப்பது, அதற்குப் பிறகு குதிரையை விற்கலாமா, யாருக்கு விற்கலாம் என்பதையெல்லாம் தாளில் போடுங்கள். கட்டணம் ஏற்ற எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதையும் போடுங்கள். நிலுவைக்காகப் படலையைப் பூட்டிக் குதிரையைத் தடுத்து வைப்பதும் நடக்கிறது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய லாயக்காரருக்கு அந்த உரிமை இல்லை. இங்கே அதை வழக்காடித் தெரிந்துகொள்ள ஆண்டுகள் போகும், அதுவரை குதிரை எங்கே நிற்கும்? பிணக்கு வந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போவோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்தச் சபைகள் இப்படியான பிணக்குகளுக்காகவே இருக்கின்றன.

குதிரையைப் பராமரிக்கிற ஆட்களையும் மறக்க வேண்டாம். அவர்கள் தமிழோ சிங்களமோ வாசிப்பவர்கள். அரிதாக எங்காவது ஒப்பந்தம் இருந்தாலும் அது ஆங்கிலத்தில் அலுமாரிக்குள் கிடக்கும். உரிமையாளர் வந்து ஐந்நூறு ரூபாவைக் கையில் வைத்து "கூடக் கொஞ்சம் கொள்ளுப் போடு" என்பார். முதலாளி வந்து "யார் போடச் சொன்னது" என்று ஏசுவார். இடையில் நிற்கிறவருக்கு எந்தப் பக்கமும் பாதுகாப்பு இல்லை. புல்லின் அளவும், ஏறக்கூடிய நாட்களும், குளம்பு வெட்டும் தவணையும் இரண்டு மொழியிலும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தால் அவர் அதைக் காட்டிப் பேசலாம். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் அதன் அடி அழுகத் தொடங்குவதை முதலில் காண்பவரும் அவர்தான்.

ஏப்ரலில் நுவரெலியாப் பந்தயம் முடிந்ததும் கைமாறும் குதிரைகளில் சில இந்தப் பக்கம் வரும். அதற்கு முன்னர் ஒரே மாதிரியான ஒரு தாளுக்கு லாயக்காரர்கள் கூடி இணங்க முடியுமா? தமிழ்ப் பிரதியை நான் எழுதித் தருகிறேன். சிங்களத்தில் எழுத ஒருவரும், வாசித்துத் திருத்த ஒரு சட்டத்தரணியும் ஒரு மிருக வைத்தியரும் முன்வந்தால் வேலை தொடங்கலாம்.

இப்படிக்கு,
குதிரை உரிமையாளர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு