கயலுக்கு, வெயில் தாங்கும் போன் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய மூன்று போன்களின் விவரத்தையும் பார்த்தேன். மூன்றிலும் கேமராவையும் சார்ஜர் வாட்டையும்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நீ பகல் முழுக்க நிற்பது கமுதிப் பக்கத்துச் சோலார் பேனல்களுக்கு நடுவில். 25,000 ரூபாய் போட்டு வாங்கும் போன் அந்த வெயிலிலும் புழுதியிலும் நாலு வருஷம் உழைக்க வேண்டும். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் டிஸ்ப்ளே. 'பீக் 4500 நிட்ஸ்' என்பதைப் பார்த்து மயங்காதே; நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. எச்டிஆர் வீடியோ ஓடும்போது திரையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் எட்டும் வெளிச்சம் அது. உனக்கு வேண்டியது ஹை பிரைட்னெஸ் மோடு, சுருக்கமாக எச்பிஎம் என்று விவரப் பட்டியலில் போட்டிருக்கும் எண். அது 1000 நிட்ஸுக்கு மேல் இருந்தால் உச்சி வெயிலிலும் எழுத்துத் தெரியும். பல போன்களில் ஆட்டோ பிரைட்னெஸ் ஆனில் இருந்தால்தான் அந்த மோடே வேலை செய்யும். கையால் முழுக்க ஏற்றி வைத்துவிட்டு 'மங்கலாக இருக்கிறது' என்று திட்டுபவர்கள் நிறையப் பேர். கடைக்காரரிடம் கேட்டு, டெமோ பீஸை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார். ஏசி ரூமுக்குள் எல்லா டிஸ்ப்ளேவும் அழகாகத்தான் இருக்கும்.

வளைந்த டிஸ்ப்ளே வேண்டவே வேண்டாம். சாதா டெம்பர் கிளாஸ் ஓரத்தில் ஒட்டாது. திரவப் பசை ஊற்றி ஒட்டும் யூவி கிளாஸ் போடலாம் என்பார்கள். அந்தப் பசை வழிந்து இயர்பீஸ் வலையிலும் வால்யூம் பட்டனிலும் இறங்கினால் அதைச் சுத்தம் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தட்டையான டிஸ்ப்ளே என்றால் கீழே விழும்போது அடியைக் கவர் விளிம்பு வாங்கிக்கொள்ளும்.

வெயில் சூட்டைப் பற்றி விளம்பரத்தில் அதிகம் பேசுவதில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. உங்கள் ஊரில் சித்திரையில் நிழலிலேயே அதைத் தாண்டும். அப்போது போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், பிராசஸர் வேகத்தைக் குறைக்கும். அதனால் கேம் ஆடுவதற்காக விற்கிற, சூடாகிற பிராசஸர் உனக்கு எதற்கு? நடுத்தரமான, சூடேறாத சிப் போதும். பெயரை மட்டும் முழுதாகப் படி. ஸ்னாப்டிராகன் 7 ஜென் 3 வேறு, 7 பிளஸ் ஜென் 3 வேறு. ஒரு 'பிளஸ்'தான் வித்தியாசம், வேகத்தில் பெரிய இடைவெளி. விற்கிறவர் வாயில் அந்தப் பிளஸ் தாராளமாக வரும்.

பேட்டரி 5000 எம்ஏஎச்சுக்குக் குறையக்கூடாது. 80 வாட், 100 வாட் வேகம் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த சார்ஜரிலும் கேபிளிலும்தான் கிடைக்கும். சைட் ஆபீஸில் இருக்கும் பொதுவான டைப்-சி சார்ஜரில் போட்டால் வேகம் விழுந்துவிடும். பிடி, பிபிஎஸ் என்ற பொதுவான வேக சார்ஜ் முறைகள் இரண்டையும் ஏற்குமா என்று கேள். வாட்டைவிட முக்கியம், எத்தனை சார்ஜ் சுழற்சி, அதாவது முழு பேட்டரி அளவு எத்தனை முறை செலவாகி ஏறுவதை, தாங்கும் என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பது விதி. நம் ஊரில் அந்த விதி இல்லை, ஆனாலும் அந்த எண்ணை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடு. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கெடும், சில சமயம் உப்பி பின்மூடியையே தூக்கும்.

சிக்னலுக்கு வருகிறேன். ஜியோவின் 5ஜி என்28, என்78 என்ற பேண்டுகளில், அதாவது அலைவரிசைகளில், ஓடுகிறது. என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைவு என்பதால் தூரம் போகும், சுவரையும் தாண்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு என்78 போதும், பொட்டல் காட்டில் நிற்கும் உனக்கு என்28 கட்டாயம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போன் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பேண்டும் அதில் இருக்கிறதா என்று முதலில் பார். இரண்டு சிம் வைத்திருக்கிறாய். ஹைப்ரிட் ட்ரே என்றால் மெமரி கார்டு போட ஒரு சிம்மைக் கழற்ற வேண்டும்.

ஸ்டோரேஜில் கஞ்சத்தனம் செய்யாதே, 256 ஜிபி வாங்கு. தினம் பேனல் படம் எடுக்கிறவளுக்கு 128 ஒரு வருஷத்தில் முட்டிவிடும். ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப போன் இழுக்கும். அது யூஎஃப்எஸ் வகையா, இஎம்எம்சி வகையா என்றும் பார். இஎம்எம்சி பழைய, மெதுவான ரகம். ராம் 8 ஜிபி போதும். '8 + 8 ஜிபி' என்று எழுதியிருந்தால் பின்னால் வரும் 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. நிஜ ராமின் வேகம் அதற்கு வராது.

கேமராவில் உனக்கு வேண்டியது பேனலின் சீரியல் நம்பர் தெளிவாக விழுவது. 50 மெகாபிக்சல் போன் சாதாரணமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும், அதில் தவறில்லை. பெரிய சென்சார் ரொம்பக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது. ஒரு அடி பின்னால் போய் 2எக்ஸ் வைத்து எடு. 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் என்று இருப்பவை கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வைத்தவை. கை நடுக்கத்துக்கு ஓஐஎஸ் நல்லது. ஆனால் அது உள்ளே லென்ஸை அசைக்கும் நுட்பமான அமைப்பு. ஸ்கூட்டி ஹேண்டில் ஹோல்டரில் போனை மாட்டி ஓட்டாதே. பைக்கின் அதிர்வு இதைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது. வெயிலும் நேரே அடிக்கும்.

தூசிக்கு ஐபி எண்ணைப் பார். முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் கொஞ்சம் புகும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அதுவும் நல்ல தண்ணீரில். ஒருமுறை டிஸ்ப்ளேவைக் கழற்றி மாற்றினால், சீல் கம் சரியாகப் போடாவிட்டால், அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. தண்ணீர் போனதற்கு வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

அப்டேட்டைக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் பட்டியலைச் சுருக்க இதையே முதலில் பயன்படுத்து. எத்தனை வருஷம் என்ற கணக்கு பெரும்பாலும் மாடல் அறிமுகமான நாளிலிருந்து ஓடும். நீ வாங்கிய தேதி அதற்குத் தெரியாது. ஆஃபரில் கிடைக்கும் போன வருஷத்து மாடலில் ஒரு வருஷம் ஏற்கெனவே கரைந்திருக்கும். சாம்சங் ஏ16 5ஜி, ஏ36 போன்றவற்றுக்கு ஆறு வருஷம், கூகுள் பிக்சல் 8 முதல் ஏழு வருஷம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவற்றுக்குக் கேட்டுத் தெரிந்துகொள். பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் பேங்க் ஆப்பும் யுபிஐயும் வைத்திருப்பது பூட்டில்லாத பீரோ.

மதுரைக் கடையில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து அந்த மாடலின் ஒரிஜினல் டிஸ்ப்ளே விலையைக் கேள். போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வேறு மாடல் பார். பில் போட்டு, சீல் பிரித்ததும் *#06# போட்டு வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண் பெட்டியிலும் ஜிஎஸ்டி பில்லிலும் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பார். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு அனுப்பினால் விவரம் வரும். அங்கேயே வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பச்சைக் கோடு, புள்ளி இருக்கிறதா பார். எனக்கு ஒரு கால் போட்டுக் காதில் வை. திரை அணையவில்லை என்றால் பிராக்ஸிமிட்டி சென்சார் சரியில்லை, அல்லது சாஃப்ட்வேரில் ஒப்பேற்றியது. கன்னம் பட்டுக் கால் கட்டாகிக்கொண்டே இருக்கும்.

அந்த மூன்றில் வளைந்த டிஸ்ப்ளே உள்ளதை அடித்துவிட்டேன். மற்ற இரண்டில் எதில் என்28 இருக்கிறது என்று பார்த்து இன்று ராத்திரி சொல்லு.

அன்புடன்,
அம்மா