ஆர்.சி. மாறினால் போதாது, ஆப் கணக்கும் மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வாங்குபவர்கள் டயர், கிளட்ச், இன்சூரன்ஸ், நிலுவையில் உள்ள அபராதம் என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். காருக்குள்ளேயே பதித்திருக்கும் சிம்மான இ-சிம்மை யாரும் கேட்பதில்லை. 2019-க்குப் பிறகு இங்கு விற்பனைக்கு வந்த பல மாடல்களின் விலை கூடிய ரகங்களில் காரை இணையத்தோடு இணைக்கும் தனி மோடமும் இ-சிம்மும் உண்டு. கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும், கதவைத் திறக்கவும், சிலவற்றில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போடவும் பழைய உரிமையாளரின் போனில் உள்ள கார் நிறுவனத்தின் ஆப் போதும். படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யில் பெயர் மாற்றினாலும் இந்த வசதி அவர் கையைவிட்டுத் தானாகப் போகாது.

அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் சார்லஸ் ஹென்டர்சன் 2017-லேயே இதை எடுத்துச் சொன்னார். விற்று ஆண்டுக்கணக்கான பிறகும் அவருடைய பழைய கார் இருக்கும் இடம் அவர் போனில் தெரிந்தது. இத்தனைக்கும், காரில் இருந்த தன் விவரங்களை அழித்துவிட்டுத்தான் விற்றிருந்தார்.

நம் ஊரிலும் தொடுதிரையில் ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் போய்விடும் என்றே நினைக்கிறார்கள். அதில் அழிவது போன் நம்பர்கள், புளூடூத், மேப்பில் சேமித்த வீட்டு முகவரி போன்றவைதான். இந்த சேசிஸ் எண் இன்னாருடைய கணக்கில் இருக்கிறது என்ற பதிவு நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். பேட்டரி டெர்மினலை ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தாலும், போனிலிருந்து ஆப்பை நீக்கினாலும் இதே கதைதான். மோடத்தின் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். தொடர்பு அறுந்துவிடும், உண்மைதான். விபத்து நேரத்தில் உதவிக்கு அழைக்கும் எஸ்.ஓ.எஸ். பொத்தானும் கூடவே செத்துப்போகும்.

பணம் கைமாறும் முன் இதை முடிக்க வேண்டும். காரை அடித்தளப் பார்க்கிங்கில் வைத்துச் செய்யாதீர்கள், சிக்னல் கிடைக்காது. வெளியே நிறுத்தி, விற்பவரின் போனிலிருந்து கதவைப் பூட்டச் சொல்லுங்கள். பூட்டினால் கணக்கு உயிரோடு இருக்கிறது. அவர் ஆப்பில் லாக்-அவுட் செய்தால் போதாது, வாகனத்தையே கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மனைவி, டிரைவர் என்று வேறு யாருக்காவது பகிர்ந்திருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே திரையை ரீசெட் செய்து, சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் மொபைல் எண்ணில் பதிவு செய்யுங்கள். கார்டு சாவி, போன் சாவி உள்ள கார் என்றால் அவற்றைத் தனியாக நீக்க வேண்டும். கடைசியில் விற்றவர் போனில் மறுபடி பூட்டிப் பாருங்கள். (பழைய ஃபாஸ்டேக்கையும் அப்போதே மூடச் சொல்லிவிடுங்கள்.)

சிக்கல் வருவது மூன்றாவது, நான்காவது கை மாறிய காரிலும் வங்கி ஏலத்தில் எடுத்த காரிலும்தான். கணக்கு வைத்திருக்கும் முதல் உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. கணக்கை மாற்றக் கேட்கும் ஓ.டி.பி.யோ அவருக்குப் போகும்.

எனவே படிவம் 29-லும், டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது கொடுக்கும் 29சி-யிலும் ‘இணையச் சேவை கணக்கு நீக்கப்பட்டது’ என்று ஒரு வரியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சேர்க்க வேண்டும். புதிய ஆர்.சி.யோடு ஒருவர் சர்வீஸ் சென்டருக்கு வந்தால், பழைய உரிமையாளரின் ஓ.டி.பி. கேட்காமல் அன்றைக்கே அந்தக் கணக்கைத் துண்டிக்கும்படி கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும்.

– கார் எலக்ட்ரிகல் பணிமனை நடத்தும் வாசகர், கோவை