செயலாளர் ஆண்டறிக்கை: பீக் (கருவி வரைபடத்தில் ஒரு பொருளைக் காட்டும் முகடு) வந்தால் போதுமா?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இரத்தம், சிறுநீர் போன்றவற்றிலுள்ள சிறு மூலக்கூறுகளைப் பிரித்து அளக்கப் பயிலும் நம் சங்கம், சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் பதிவு செய்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. முதல் கூட்டம் வரலாறு பற்றியது. இலைச் சாற்றின் நிறமிகளைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழலில் பிரித்த மிகைல் ஸ்வெட், 1906-இல் அம்முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். ரஷ்ய மொழியில் அவருடைய குடும்பப் பெயருக்கே நிறம் என்றுதான் பொருள் என்றதும் அரங்கில் சிரிப்பு. 1971-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் மூச்சுக்காற்றில் சுமார் 250 பொருள்களையும் சிறுநீர் ஆவியில் சுமார் 280-ஐயும் பிரித்துக் காட்டியது குறித்த விவாதம் நேரம் கடந்தும் ஓயவில்லை.

“மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காண நிறை நிறமாலைமானிதான் இருக்கிறதே, பிரிக்கும் குழல் எதற்கு?” என்று புதிய உறுப்பினர் ஒருவர் கேட்டார். லியூசின், ஐசோலியூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கும் நிறை ஒன்றே. மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்ற பிறவி வளர்சிதைமாற்றக் கோளாற்றைக் காட்டிக்கொடுக்கும் அல்லோஐசோலியூசினுக்கும் அதே நிறைதான். தகுந்த குழல் வழியே அனுப்பினால் மூன்றும் முன்பின்னாக வெளிவரும். கருவிக்கு அப்போதுதான் வேறுபாடு புரியும்.

இனி, பயிற்சி முகாம். பிளாஸ்மா (இரத்த அணுக்கள் நீக்கிய திரவம்) மாதிரிகளில் ஒரு தொகுதியில் மட்டும் குளுக்கோஸ் குறைந்து லாக்டேட் ஏறியிருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்றே நினைத்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் வெளிவந்தது: அந்த இரத்தக் குழாய்கள் சுழற்றிப் பிரிக்கப்படாமல் மேசையிலேயே வெகுநேரம் கிடந்திருக்கின்றன. சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை வெளிவிட்டிருக்கின்றன. குழாய்களில் நேரம் குறிக்கும் பொறுப்பு என்னுடையது. தவறும் என்னுடையதே.

அதே முகாமில் நலமானவர்களின் மாதிரிகளை முதலிலும் நோயாளிகளுடையதைப் பிறகும் கருவியில் ஓட்டியிருந்தோம். ஓட்டம் நீள நீளக் கருவியின் உணர்திறன் மாறும். அந்த மாற்றமே நோயின் அடையாளம்போல் தோன்றிவிடும். இப்போது வரிசையைக் கலைத்துப் போடுகிறோம். எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்த தரக்கட்டுப்பாட்டுக் கலவையைப் பத்து ஓட்டங்களுக்கு ஒருமுறை செலுத்துகிறோம்.

ஜி.சி. (பொருள்களை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபி) வகுப்பு பாதியில் நின்றது. ஆவியாகாத சர்க்கரைகளையும் அமிலங்களையும் ஆவியாக்க அவற்றோடு சிலைல் என்ற சிலிக்கான் தொகுதியைச் சேர்க்க வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் அதைச் சேர்க்கும் வினைப்பொருள் தண்ணீரோடு வினைபுரிந்தே வீணாகிவிடும். அன்று யாரும் மாதிரியை முழுதாக உலர்த்தவில்லை. போதாததற்கு, ஆவியைக் குழலில் சுமந்து செல்லும் ஹீலியம் வாயுவின் சிலிண்டரும் தாமதமாக வந்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறைபெட்டியில் பெயரோ தேதியோ எழுதாத குப்பிகள் இன்னும் இருக்கின்றன. உரியவர்கள் கூட்டம் முடிந்ததும் அடையாளம் காட்டவும்; இல்லையேல் நாளை அப்புறப்படுத்தப்படும்.

செயலாளர்